பயங்கரத்தை ரசிக்கலாமா?

சங்கீதம் மனத்தை இளக்க வேண்டும் என்று நம்மில் பெரும்பாலோர் நம்புகிறோம். கேட்டவுடன் கண்கள் தாமாக மூடிக்கொள்ள வேண்டும். தலை அசைய வேண்டும். வீட்டுக் கவலைகள் கொஞ்ச நேரமாவது வாசற்படியில் செருப்போடு செருப்பாகக் கிடக்க வேண்டும். நியாயமான ஆசைதான். பகலெல்லாம் கணக்கெழுதியோ, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியோ களைத்துப் போனவன், மாலையில் ஒரு நல்ல காம்போதியைக் கேட்டு ஆறுதல் அடைந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

அந்த ஆசையைச் சட்டமாக்கும்போதுதான் சங்கடம் ஆரம்பிக்கிறது. இளக்காத சங்கீதம் சங்கீதமே அல்ல என்கிறோம். அச்சத்தையும் கோபத்தையும் அருவருப்பையும் கிளப்புகிற ஒலியை ஒருவன் விரும்பிக் கேட்டால், அவன் மனத்தில் ஏதோ கோளாறு என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம். அந்தத் தீர்ப்பு சரிதானா? பயங்கரமான ஒன்றை ரசிப்பது ஒழுக்கக் குறைவா, அல்லது வெறும் ருசி பேதமா? அல்லது இரண்டும் இல்லாத வேறு ஏதாவதா?

இந்தக் கேள்வியை விருதுநகரில் உட்கார்ந்துகொண்டு கேட்பதற்குத் தனிப் பொருத்தம் உண்டு. இங்கிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் சிவகாசி. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியதிலிருந்து இந்தக் கரிசல் பூமியின் தலையெழுத்து மாறியது. மழை பொய்த்த நிலத்தில் மக்கள் நெருப்பைப் பயிரிட்டார்கள். தீப்பெட்டிக்குப் பின் பட்டாசும், பட்டாசுக்கு மேலுறை போட அச்சகங்களும் வந்தன. இன்று இந்தியாவில் எந்த மூலையில் வெடிச் சத்தம் கேட்டாலும், அது பெரும்பாலும் எங்கள் மாவட்டத்துக் கைகள் உருட்டிய காகிதத்துக்குள்ளிருந்து வருகிறது.

சத்தத்தை அளந்து விற்கிற ஊர் இது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபெலுக்கு மேல் போகக் கூடாது என்று 1999-இல் மத்திய அரசு விதி வகுத்தது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை போட்டு, தீபாவளிக்கு இரண்டு மணி நேரம்தான் என்றது. தமிழ்நாட்டில் அந்த வருஷம் அதைக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று பங்கிட்டார்கள். இவ்வளவு சத்தத்தையும் செய்கிற இடம் எப்படி இருக்கும் என்று வெளியூர் நண்பர்கள் கேட்பதுண்டு. பள்ளிக்கூடத்துப் பரீட்சை அறை மாதிரி அமைதியாக இருக்கும் என்பேன். நம்ப மாட்டார்கள். மருந்து கலக்கும் அறையில் இரும்புக் கருவி கூடாது. காலில் செருப்பு கூடாது. பாத்திரத்தைத் தரையோடு இழுக்கக் கூடாது. ஓர் உராய்வு போதும். அறைக்கும் அறைக்கும் இடைவெளி விட்டு, ஓர் அறையில் நாலே பேராக, அலுமினியத் தூள் படிந்த வெள்ளி நிறக் கைகளோடு அவர்கள் குனிந்த தலை நிமிராமல் வேலை செய்கிறார்கள். ஊரெல்லாம் கேட்கப்போகும் சத்தத்தைச் செய்கிறவர்களுக்கு, வேலை நேரத்தில் வருகிற சத்தம் என்றால் ஒரே அர்த்தம்தான். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் அது வந்தது. 30-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். புகையைப் பார்த்து ஓடிப் போய் நின்றவர்களும் அவர்களில் அடக்கம்.

இப்படிப்பட்ட பூமியில், டெத் மெட்டல் என்ற சங்கீதத்தைப் பற்றி நான் எழுதப் போகிறேன் என்றால், கொஞ்சம் பொறுத்துத்தான் கேட்க வேண்டும். பெயரை நேராகச் சொன்னால் 'சாவு உலோகம்'. பெயரே விளங்காமற் போனதுபோல் இருக்கிறதே என்று என் மனைவி சொன்னாள். அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் 1980களில் பள்ளிக்கூடப் பையன்கள் வளர்த்த சங்கீதம் அது. கிதாரின் சுருதியைத் தாழ்த்தி மின்சாரத்தால் கரகரக்கச் செய்வார்கள். டிரம்ஸில் இரண்டு கால்களாலும் இடைவிடாமல் உதைப்பார்கள். பாடுகிறவன் பாடமாட்டான், குரல் நாண்களுக்கு மேலே உள்ள மடிப்புகளை அதிரவிட்டு உறுமுவான். சக் ஷுல்டினர் என்ற இளைஞன் தன் குழுவுக்கு 'டெத்' என்றே பெயர் வைத்தான். 2001-இல் மூளைக் கட்டியால், 34 வயதில் அவன் மறைந்தான்.

அந்த டெத் குழுவின் 1991-ஆம் வருஷத்து இசைத் தட்டில் வாசித்தவர்களில் இருவர் பால் மாஸ்விடல், ஷான் ரைனர்ட். இவர்கள் மயாமியில் ஜேசன் கோபெல், ஷான் மலோன் என்பவர்களோடு சேர்ந்து 'சினிக்' என்ற குழுவாக வாசித்தார்கள். 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ புயல் தெற்கு புளோரிடாவைச் சூறையாடியபோது இவர்கள் ஒத்திகை பார்த்த இடமும் போயிற்று. ஒலிப்பதிவு மாதக் கணக்கில் தள்ளிப் போயிற்று. அதற்குள் அவர்களுடைய சங்கீதமும் மாறிக்கொண்டே வந்தது. 1993 செப்டம்பரில் 'ஃபோகஸ்' என்ற முதல் தட்டு வெளிவந்தது. எட்டு உருப்படிகள், மொத்தம் 36 நிமிஷம். நம் கச்சேரியில் ஒரு ராகம் தானம் பல்லவிக்குக்கூடப் போதாத நேரம்.

அதில் என்ன இருக்கிறது? முதல் உருப்படிக்கு 'மாயையின் திரை' என்று பொருள்படும் பெயர். எழுதியவர் பரமஹம்ஸ யோகானந்தரின் உபதேசத்தில் ஈடுபட்டவர். தலைப்பில் மாயை வந்தது தற்செயல் அல்ல. ஆரம்பத்தில் எல்லாம் இடிபடுவது போலத்தான் இருக்கிறது. அரை நிமிஷம் தாக்குப் பிடித்தால், அந்த இடிபாட்டுக்குள் இரண்டு குரல்கள் பேசிக்கொள்வது கேட்கிறது. ஒன்று உறுமுகிறது. மற்றொன்று யந்திரத்தின் வழியாக வடிகட்டிய, மனுஷனா தேவனா என்று தெரியாத, மெலிந்த குரல். கிதார்கள் முரட்டுத்தனமாக ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று திரை விலகினாற்போல் ஒரு வெட்டவெளி. அங்கே மேளகட்டை இல்லாத பாஸ் கிதார், நம் வீணையின் கமகம் போல ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிப் போகிறது. மறுபடி இடி. இந்த இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கவில்லை. அமைதி வந்த பிறகுதான் முந்தின ஆவேசத்துக்கு அர்த்தம் புரிகிறது. ஆவேசம் இல்லாவிட்டால் அமைதி வெறும் தாலாட்டாகியிருக்கும். தாளத்தில் ஐந்தும் ஏழும் கலந்து விழுகின்றன. கண்ட சாப்பும் மிச்ர சாப்பும் காதில் பழகிய நம்மவருக்கு அந்தக் கணக்கு வெள்ளைக்காரர்களைவிடச் சீக்கிரம் பிடிபடும். அதை விட அழகான செய்தி, இதை வாசித்தவர்கள் அப்போது இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பிள்ளைகள் என்பது.

சரி, அழகு இருக்கிறது. ஆனால் ஏன் இவ்வளவு கொடுமையான வேஷத்தில் வர வேண்டும்? கோபத்தையும் அச்சத்தையும் இப்படிக் காய்ச்சி ஊற்றிக் குடிப்பது மனுஷனுக்கு நல்லதா? என்னிடம் இதைக் கேட்ட பெரியவர் ஒருவர் ஆட்சேபத்தை நன்றாகவே எடுத்துச் சொன்னார். "எதைத் தின்கிறோமோ அதுவாக ஆகிறோம். காதும் ஒரு வாய்தானே?" என்றார். அலட்சியப்படுத்தக்கூடிய வாதம் அல்ல இது.

அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து இதற்குச் சொல்லி வருகிற பதில் ஒன்று உண்டு. துன்ப நாடகம் பார்ப்பவன் மனத்திலிருந்து இரக்கமும் அச்சமும் வடிந்து போகின்றன. ஆகவே பயங்கரக் கலை மனத்துக்கு ஒரு சாக்கடை வழி என்பார்கள். இந்த உவமை எனக்குப் போதவில்லை. சாக்கடை என்றால் உள்ளே இருப்பது அழுக்கு என்று ஏற்பட்டுவிடுகிறது. அச்சம் அழுக்கா? செத்துப்போன தகப்பனுக்காக வருகிற கோபம் கழிவு நீரா?

எனக்கு இதற்கு நல்ல பதில் ஒரு புத்தகத்திலிருந்து கிடைக்கவில்லை. எங்கள் தெருவில் இருக்கும் ஓர் இளைஞனிடமிருந்து கிடைத்தது. சிவகாசியில் அச்சகத்தில் வேலை பார்க்கிறான். காலை பஸ்ஸில் போய் ராத்திரி பஸ்ஸில் திரும்புகிறவன். அவன் தகப்பனார் பட்டாசுக்கு மருந்து செலுத்துகிற வேலையில் இருந்து, ஒரு விபத்தில் போனவர். இந்தத் தட்டை எனக்குக் கேட்கக் கொடுத்தவன் அவன்தான். இவ்வளவு நல்ல பையன், தாயைக் கண்ணில் வைத்துப் பார்க்கிறவன், காதில் இதை மாட்டிக்கொண்டு போகிறானே என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"அண்ணாச்சி, எங்க அய்யா போன அன்னிக்கு நான் பள்ளிக்கூடத்துல இருந்தேன். ஜன்னல் கதவு ஆடுச்சு. டீச்சர் எழுதறதை நிறுத்திட்டாங்க. எந்தப் பக்கம்னு யாருக்கும் தெரியலை. எல்லாப் பிள்ளைகளும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். இதுல அப்படி இல்லை. எம்புட்டுப் பெரிய சத்தமா இருந்தாலும் எப்ப விழும்னு எனக்குத் தெரியும். எண்ணிக்கிட்டே வருவேன். சரியா வந்து விழும்" என்றான்.

எண்ணிக்கொண்டே வருவேன் என்றானே, அந்த வார்த்தையில் என் கேள்விக்கு முக்கால்வாசி விடை இருக்கிறது. விபத்துக்குத் தாளம் கிடையாது. அதனால்தான் அது விபத்து. எப்போது வரும், யார் தலையில் விழும் என்று தெரியாமல் இருப்பதே அச்சத்தின் கொடுமை. கலை அந்த அச்சத்தைப் போக்கிவிடுவதில்லை. அதற்கு ஒரு கணக்குக் கொடுக்கிறது. கணக்குக் கிடைத்துவிட்டால், அதே அச்சத்தின் எதிரே மனுஷன் நிமிர்ந்து உட்கார முடிகிறது. அந்தப் பையன் பயத்தை வடித்துவிடவில்லை. அதைத் தாளத்தில் கட்டி, தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டான்.

இது என்னவோ அமெரிக்கச் சரக்கு என்று எண்ண வேண்டாம். நம் முன்னோர் இந்த விஷயத்தில் நம்மைவிடத் தைரியசாலிகள். தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்று கணக்கிட்டபோது சிரிப்பையும் மகிழ்ச்சியையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை வாசலுக்கு வெளியே நிறுத்தவில்லை. அழுகை, இளிவரல், அச்சம், வெகுளி எல்லாவற்றுக்கும் சரியாசனம் கொடுத்தார். வெகுளி எதனால் பிறக்கும் என்று அவர் சொல்லும் காரணங்களைப் பாருங்கள்: உறுப்பு அறுபடுவது, குடி கெடுவது, அலைக்கழிக்கப்படுவது, கொலை. சிவகாசி ஆஸ்பத்திரி வாசலில் ஒரு விபத்து நாளன்று நின்று பார்த்தவனுக்கு இந்தப் பட்டியலை விளக்க வேண்டியதில்லை. அந்தக் கோபத்தை ரசம் என்று ஒப்புக்கொண்டவர்கள் நம்மவர்கள்.

காரைக்கால் அம்மையாரை நினைத்துப் பாருங்கள். அழகான இளம்பெண், தன் உடம்பை உதறிப் பேயுருக் கேட்டு வாங்கிக்கொண்டு, திருவாலங்காட்டுச் சுடுகாட்டைப் பாடினார். கள்ளியும் ஓரியும் கொள்ளிக் கட்டையும் பேய்களும் நிறைந்த அந்தப் பாட்டுகளின் நடுவில் ஸ்வரங்களின் பெயர்களும் வாத்தியங்களின் பெயர்களும் வரிசையாக வருகின்றன. சுடுகாட்டுக்கு நடுவே ஒரு முழுக் கச்சேரி! அந்த வாத்தியங்களில் ஒன்று கரடிகை. கரடி கத்துவது போல் ஒலிப்பதால் அந்தப் பெயர் என்று உரைகாரர் விளக்குவர். ஜெயங்கொண்டாரின் பரணியில் பேய்கள் போர்க்களத்தில் கூழ் சமைத்துப் பரிமாறுவதைப் பாராட்டிப் பரீட்சைக்குப் படிக்கிறோம். அதே சமாசாரத்தை ஒரு பையன் மின்சாரக் கிதாரோடு சொன்னால், ஜன்னலைச் சாத்துகிறோம்.

இங்கே இன்னொரு சங்கடமான உண்மையும் இருக்கிறது. உறுமல் நமக்குப் புதிதா? உறுமி என்றே ஒரு வாத்தியம் வைத்திருக்கிறோம். வளைந்த குச்சியால் தோலை உரசினால், அடிவயிற்றிலிருந்து எழும்பும் அந்த ஒலிக்குச் சாமி வந்து இறங்குகிறது. எங்கள் ஊர்ப் பராசக்தி மாரியம்மன் கோவில் பங்குனிப் பொங்கலில், கொட்டு முழங்க, தீச்சட்டி ஏந்தி வருகிற பெண்ணின் காலும் அந்த மாதிரி அடிக்குத்தான் கட்டுப்படுகிறது. பறையோ, சாவுக்கென்றே நாம் ஒதுக்கிவைத்த சங்கீதம். வாசித்தவர்களையும் சேர்த்தே ஒதுக்கிவைத்தோம். நம் வீட்டுத் துக்கத்தைச் சுமந்து வாசலில் நின்று முழங்கியவர்களை வாசலைத் தாண்டி உள்ளே வரவிடவில்லை. அவர்கள் வாசித்ததை 'இரைச்சல்' என்றோம். ஒரு ஒலியை இரைச்சல் என்று தள்ளும்போது, பல சமயம் நாம் தள்ளுவது ஒலியை அல்ல, மனுஷனை. காதுக்கும் தீண்டாமை உண்டு.

இந்தத் தீண்டாமை பலத்த சத்தத்தை விரும்புகிறவர்களிடத்திலும் இருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1994-இல் சினிக் குழு அதைவிட மூர்க்கமான இன்னொரு குழுவோடு சுற்றுப் பயணம் போனபோது, மெல்லிய குரலும் ஜாஸ் சாயலும் பிடிக்காத கூட்டம் அவர்களை ஏசிற்று. அந்த வருஷமே குழு கலைந்தது. மாஸ்விடலும் ரைனர்ட்டும் ஆணை விரும்பும் ஆண்கள். முரட்டு ஆண்மையைக் கொடியாகப் பிடித்த அந்த உலகத்தில் அதை வெளிப்படையாகச் சொல்ல அவர்களுக்கு 2014 வரை ஆயிற்று. அந்த மெலிந்த யந்திரக் குரலை இது தெரிந்த பிறகு மறுபடி கேட்டேன். ஒளிந்துகொண்டு பேசுகிறவனின் குரலாக அது எனக்குப் பட்டது. இது என் கற்பனையாகவும் இருக்கலாம். ரைனர்ட்டும் மலோனும் 2020-ஆம் வருஷம் ஒருவர் பின் ஒருவராகக் காலமானார்கள்.

நம் ஜனங்களும் இந்தச் சங்கீதத்தில் சும்மா இருக்கவில்லை. சிங்கப்பூரில் 1992-இல் தமிழ் இளைஞர்கள் 'ருத்ரா' என்று பெயர் சூட்டி ஒரு டெத் மெட்டல் குழு ஆரம்பித்தார்கள். அதே பெயரில் அவர்களுடைய முதல் தட்டு 1998-இல் வந்தது. வேதாந்தத்தைப் பாட்டுப் பொருளாக எடுத்து, தங்கள் சங்கீதத்துக்கு 'வேத மெட்டல்' என்று பெயர் வைத்தார்கள். ருத்ரன் என்ற பெயருக்கே அழுதவன், அழவைப்பவன், முழங்குபவன் என்றெல்லாம் பொருள் சொல்கிறார்கள். பிறந்தவுடன் அழுததால் அந்தப் பெயர் வந்தது என்பது பழைய கதை. அழுகையும் உறுமலும் ஒரே தொண்டையிலிருந்து வருகின்றன என்பதைப் பெயர் வைத்தவர்கள் அறிந்திருக்கிறார்கள்.

அப்படியானால் பயங்கரம் எதுவானாலும் கலைதான் என்று சொல்லிவிடுவதா? மாட்டேன். இந்தத் துறையிலே பெண்ணுடலை வெட்டிக் கூறு போடுவதை வேடிக்கையாகப் பாடுகிற கூட்டமும் இருக்கிறது. அவற்றுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. என்னுடைய உரைகல் எளியது. தன் அச்சத்தைத் தானே சுமந்து வந்து வைக்கிறானா, அல்லது அடுத்தவன் நோவை எடுத்துத் தனக்கு விளையாட்டுச் சாமானாக்குகிறானா? முதலாவது கலை, இரண்டாவது, எவ்வளவு இனிமையான ராகத்தில் வந்தாலும், கொடுமை. தேனாய் ஒழுகும் மெட்டில் பெண்ணைக் கேலி செய்யும் சினிமாப் பாட்டுகள் நமக்கு ஏராளம். காது குளிர்ந்தது என்பதனால் மனசு சுத்தமாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை.

பெரியவரின் வாதத்துக்கும் இங்கே பதில் சொல்லிவிடலாம். காதும் ஒரு வாய்தான். ஆனால் எதைத் தின்கிறோம் என்பது மட்டுமல்ல, எப்படித் தின்கிறோம் என்பதும் உடம்பைத் தீர்மானிக்கிறது. அரைத் தூக்கத்தில் விழுங்கிய அமிர்தமும் செரிக்காது. ஐந்தையும் ஏழையும் எண்ணி, உறுமலுக்குப் பின்னால் உள்ள மெல்லிய குரலைத் தேடி, 36 நிமிஷம் விழித்திருந்து கேட்டவனின் காது மழுங்குவதில்லை, கூர்மைப்படுகிறது. அந்தப் பையனிடம் இன்னொரு தன்மையும் கண்டேன். அவன் இதைத் தன் காதுக்குள் மட்டும் கேட்கிறான். தெருவில் கல்யாண வீட்டு ஒலிபெருக்கி பக்திப் பாட்டைப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளின் மேல் விடியற்காலை நாலு மணிக்குக் கொட்டுகிறதே, அந்தத் தப்பை அவன் செய்வதில்லை. சத்தத்தின் பாவம் டெசிபெலில் மாத்திரம் இல்லை. கேட்க விரும்பாதவனின் மேல் திணிப்பதில் இருக்கிறது.

இப்போது நம்மைப் போன்ற மத்தியதர வீடுகளைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கத் தோன்றுகிறது. இந்தச் சங்கீதத்தைக் கேட்டால் முகம் சுளிக்கிறோம், வன்முறை என்கிறோம். அதே நாம் தீபாவளியன்று காலையில் குழந்தையின் கையில் ஊதுவத்தியைக் கொடுத்து, அணுகுண்டின் திரியைப் பற்ற வைத்துவிட்டுக் கைகொட்டிச் சிரிக்கிறோம். அந்தக் காகிதத்தை உருட்டிய கை யாருடையது, அதற்கு மருந்து செலுத்தியவள் சாயங்காலம் பத்திரமாக வீட்டுக்குப் போனாளா என்று யோசிப்பதில்லை. பட்டாசு வாங்கக் கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதை நம்பி இங்கே லட்சக்கணக்கான அடுப்புகள் எரிகின்றன. வேண்டாம் என்று ஒரு நாளில் சொல்லிவிட்டால் அந்தக் கை எங்கே போகும்? ஆனால் ஒரு நிமிஷச் சந்தோஷத்துக்கு நாம் கொளுத்துகிற சத்தத்துக்குப் பின்னால் ஒரு வருஷம் பூராவும் பயந்துகொண்டே செய்த மௌனம் இருக்கிறது. பயங்கரத்தை ரசிக்கலாமா என்று அந்த இளைஞனைக் கேட்பதற்கு முன்னால், அதைக் காது கேளாமலே ரசித்துக்கொண்டிருக்கிற நம்மைக் கேட்டுக்கொள்வது நல்லது.

சினிக்கின் தட்டு எல்லோருக்கும் பிடிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிடிப்பதும் பிடிக்காததும் அவரவர் நாக்கின் சுதந்திரம். எனக்கே அதில் இரண்டு உருப்படிகள் இன்னும் ஒட்டவில்லை. ஆனால் ஒருவன் தன் மனத்தில் பட்ட இடியை நமக்குத் தெரிந்த தாளத்தில் கட்டிக் கொண்டுவந்து வைக்கும்போது, முடிகிற வரையில் உட்கார்ந்து கேட்பது ரசனையைச் சேர்ந்த விஷயம் அல்ல. துக்க வீட்டுக்குப் போனால் எடுக்கிற வரையில் இருந்துவிட்டு வருகிறோமே, அந்த மரியாதையைச் சேர்ந்தது அது. பிடிக்கவில்லை என்பதை அதற்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.